ஒட்வாரின் துவக்கில் இருந்த கறுப்பு

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் ஸ்ரனிஸ்லாஸ் என்று கேட்டால் இரண்டு பேரைக் காட்டுவார்கள். துவக்குக்கார ஸ்ரனிஸ்லாஸ் என்று கேட்டால்தான் சரியான படிக்கட்டில் கொண்டுவந்து விடுவார்கள். நாரந்தனை ஆள். தகப்பன் வஸ்தியாம்பிள்ளை, தாய் திரேசம்மா. தாயோடு கூடப்பிறந்தவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேருடைய பிள்ளைகள் இன்றைக்கு நோர்வேயில்தான் இருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை என்பது வேறு விசயம். ஸ்ரனிஸ்லாஸ் எண்பத்தேழில் வந்தவர். நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில், மீன் தொழிற்சாலையில் பதினொரு வருசம் மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பராமரிப்பாளராக இருபத்திரண்டு வருசம் பனி தள்ளினார், மின்குமிழ் மாற்றினார், அடைத்த குழாய்களைத் திறந்துவிட்டார். இப்போது ஓய்வூதியக்காரர். ஆனால் வலது தோள்மூட்டு மட்டும் இன்னும் ஹம்மர்பெஸ்ட்டில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தது.

துவக்கு என்றவுடன் பயப்பட ஒன்றுமில்லை. அவர் சேர்ப்பது நூற்றைம்பது வருசத்துப் பழசுகள், அதிலும் ஒற்றைவெடித் துவக்குகள் மட்டும். ஒரு தோட்டாவை வைத்து ஒரு முறை சுடலாம். பிறகு பூட்டைத் திறந்து, வெறும் கோதை இழுத்து எறிந்துவிட்டு, அடுத்ததைக் கையால் வைக்கவேண்டும். இந்தக் கிறுக்கு இரண்டாயிரத்து ஆறில் தொடங்கியது. தனிக்கட்டையாக இருந்த ஒரு நோர்வேக் கிழவர் இறந்துபோக, அவருடைய நிலவறைச் சாமான் அறையை ஒதுக்கிக் கொடுக்கும் வேலை இவருக்கு வந்தது. கம்பளிக்குள் சுற்றியபடி ஒரு துவக்கு கிடந்தது. கிழவரின் உறவுக்காரர்கள் எறியச் சொல்லிவிட்டார்கள். எறிய மனம் வராமல் பொலிசில் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே இருந்த பெண் எங்கேயோ ரெலிபோன் எடுத்துக் கேட்டுவிட்டு, இது அவ்வளவு பழசு, வேண்டுமென்றால் நீயே வைத்திரு என்றாள். ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து இரும்பில் பிடித்திருந்த கறள் எடுத்து, வெடித்த மரத்தை ஒட்டி, ஆளிவிதை எண்ணெய் பூசி அதை எழுப்பிவிட்டார். அந்த ஒன்றோடு நிற்கவில்லை, ஒன்பதாகிவிட்டது.

எதற்கு இந்த ஒற்றைவெடி என்று கோயிலடியில் ஆட்கள் நக்கலாகக் கேட்பார்கள். "இதாலை ஒரு ஊரை அழிக்க ஏலாது," என்பார் ஸ்ரனிஸ்லாஸ். "அதுக்குள்ளை சுடுறவனுக்கே கை அலுத்துப்போம்."

மனைவி மரியமலருக்கு இந்த நியாயமெல்லாம் எடுபடவில்லை. அவர் மெலிஞ்சிமுனையில் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி யுவானிப்பிள்ளையின் மூன்றாவது மகள். அவருக்கு நேரே இளைய தம்பி அமலதாசன். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில், துவக்கோடு வந்த நாலு பேர் ஒரு சின்ன விசாரணை என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கட்டியிருந்த சாரத்தோடு போனவன் இன்னும் வரவில்லை. அதனால் துவக்கு எதுவும் நிலவறையை விட்டு மேலே ஏறக்கூடாது என்று மரியமலர் முதல் நாளே சொல்லிவிட்டார். தானும் கீழே இறங்குவதில்லை. நத்தார் மரம் வைத்த பெட்டி எடுப்பதென்றாலும் புருசன்தான் இறங்கி எடுத்துவர வேண்டும். பத்தொன்பது வருசம் இது இப்படியே நடந்தது. ஸ்தவாங்கரில் வேலை செய்கிற மகள் டிலக்சி, அம்மா மேலே ஆட்சி, அப்பா கீழே ஆட்சி என்று சொல்லிச் சிரிப்பாள்.

போன பங்குனியில் ஒட்வாரின் துவக்கு வந்து சேர்ந்தது.

ஒட்வார் ஹம்மர்பெஸ்ட் தொழிற்சாலையில் போர்மனாக இருந்தவர். கதை குறைவு, ஆனால் சொன்னது சொன்னதுதான். தொண்ணூற்றொன்றில் மரியமலர் புதுப்பெண்ணாக வந்து, புருசன் மீன் வெட்டிய அதே மேசையில் கத்தியோடு நின்ற நாட்களில், ஒரு ஐப்பசி மாதம் அவர் தன் வேட்டைத் துவக்கை யாருக்கோ காட்டுவதற்காகச் சாப்பாட்டு அறைக்குள் கொண்டுவந்தார். மரியமலர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய், மேலங்கியும் இல்லாமல் பனிக்குள் நின்றுகொண்டார். கூப்பிட்டும் வரவில்லை. என்ன என்று ஒட்வார் கேட்க, தனக்குத் தெரிந்த கொஞ்ச நோர்வே மொழியில் ஸ்ரனிஸ்லாஸ் அமலதாசனின் கதையைச் சொன்னார். ஒட்வார் துவக்கைக் கொண்டுபோய்க் காரில் வைத்தார். அதன்பிறகு அந்தத் தொழிற்சாலைப் படலைக்குள் ஒருவரும் துவக்குக் கொண்டுவர அவர் விட்டதில்லை.

இப்போது அவருக்கு எண்பத்துநாலு நடக்கப் போகிறது. கால் போய், கண்ணும் மங்கி, மகள் நோராவின் வீட்டுக்குக் கிட்ட, ஓப்சாலில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவருடைய தகப்பனின் துவக்கு அது. இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன்காரர் பின்வாங்கும்போது ஹம்மர்பெஸ்ட்டைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். சனத்தை அதற்கு முதலே வள்ளங்களில் ஏற்றித் தெற்கே அனுப்பியாயிற்று. ஒட்வாருக்கு மூன்று வயது. சண்டை முடிந்து தகப்பன் திரும்பி வந்து பார்த்தால், வீடு இருந்த இடத்தில் இரும்பு அடுப்பும் இந்தத் துவக்கும்தான் மிச்சம். மரமெல்லாம் எரிந்து, இரும்பு கறுத்துக் கிடந்தது. கரையில் ஒதுங்கிய ஒரு கட்டையை எடுத்துச் செதுக்கித் தகப்பனே புதுப் பிடங்கு போட்டார். நெருப்பில் வெந்த இரும்பு, இனிச் சுட்டால் முகத்தில் வெடிக்கும் என்று ஒரு தோட்டாவும் வைக்கவில்லை. புதிதாகக் கட்டிய வீட்டின் சுவரில் மாட்டிவிட்டார். அந்த வீட்டில் எரிந்துபோகாமல் இருந்த பழைய சாமான் அது ஒன்றுதான்.

ஒட்வார் தெற்கே வந்தபிறகு அது யாருடையதோ கொட்டிலில் ஈரத்தில் கிடந்து கறள் பிடித்துவிட்டது. ஆவணியில் வருகிற அவருடைய பிறந்தநாளுக்கு அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று நோராவுக்கு ஆசை. துவக்கைக் கையில் கொடுக்கும்போது ஒட்வார் ஸ்ரனிஸ்லாசுக்கு ஒரு வேலைதான் சொன்னார். "கறளை எடு. கறுப்பைத் தொடாதே." விளங்கியதா என்று கேட்டுவிட்டு மறுபடியும் அதையே சொன்னார்.

கறள் எடுப்பது சுலபம். கறுப்பைத் தொடாமல் எடுப்பதுதான் ஆளைத் தின்கிற வேலை. எண்ணெய் விட்டு ஊறவைத்து, செப்புத் தகட்டின் விளிம்பால் சிவந்ததை மட்டும் கிளப்பி, துணியால் ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் எண்ணெய். ஒரு நாளைக்கு இரண்டு விரல் அகலம் போகும். சித்திரை, வைகாசி முழுக்கப் பிடங்கின் வெடிப்புக்கே சரியாகிவிட்டது. ஆனியில் இரும்பைத் தொட்டார். ஆடி முடியும்போது குழலில் பாதிக்கு மேல் வந்திருந்தார். அப்போதுதான் தோள் பூட்டிக்கொண்டது. காலையில் சட்டை போட முடியவில்லை. இடக்கையால் சோறு சாப்பிட்டார். வைத்தியர் குளிசை எழுதிக் கொடுத்து, மூன்று கிழமைக்குக் கையைத் தூக்காதே என்றார். பிறந்தநாளுக்கு இருந்ததே இரண்டு கிழமை.

ஆனாலும் கீழே இறங்கினார். இடக்கையால் அரை விரல் அகலம் எடுத்துவிட்டு, முகம் வெளிறி மேலே வந்து சோபாவில் விழுவார். மரியமலர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசனுக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையோ?"

"ஆள் இருக்கு மலர். அவர் என்னட்டையெல்லோ தந்தவர்."

மரியமலர் குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

ஆவணி நடுப்பகுதியில் மாதா திருநாள் வரும். கோயிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகள் எட்டையும் கழுவுவது வருசா வருசம் மரியமலரின் பொறுப்பு. கடையில் விற்கிற மினுக்கு மருந்து ஒன்றையும் நம்பமாட்டார். புளியைச் சுடுதண்ணியில் கரைத்து, தண்டுகளை ஊறவைத்து, தும்பால் தேய்ப்பார். தாய் செசிலியா மெலிஞ்சிமுனைக் கோயிலுக்குச் செய்தது அப்படித்தான். தாயின் தமக்கையும் அப்படித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமையும் வெராந்தாவில் பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில் புளி கரைத்து வைத்திருந்தார். ஸ்ரனிஸ்லாஸ் காலையிலேயே தோளுக்குப் பயிற்சி செய்யப் போய், மத்தியானம் வந்து, குளிசை போட்டுக்கொண்டு படுத்தார்.

நாலு மணிபோலக் கண் விழித்தபோது வெராந்தாவில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தார். வெயிலில் எட்டுத் தண்டுகளும் சுவரோடு வரிசையாகச் சாய்ந்து நின்றன. அந்த வரிசையில் ஒன்பதாவதாக நின்றது ஒட்வாரின் துவக்குக் குழல். பக்கத்தில் துவாயின் மேல் பூட்டும் குதிரையும் விசையும் ஆணிகளும் பரப்பிக் காய வைத்திருந்தன. எல்லாம் புதுக் கத்தி மாதிரி வெள்ளையாக மின்னின. கறுப்பு ஒரு பொட்டும் இல்லை.

மரியமலரின் கைகள் புளியில் ஊறிச் சுருங்கிப்போயிருந்தன. ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது. பத்தொன்பது வருசமாக இறங்காத படியில் இறங்கி, கழற்றிக் கிடந்த துண்டுகளைச் சீலைத் தலைப்பில் ஏந்தி மேலே கொண்டுவந்திருக்கிறார். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை ஸ்ரனிஸ்லாஸ் கனகாலமாகப் பார்த்ததில்லை.

"ஒரே கறள். நீங்கள் போற வேகத்துக்கு அடுத்த வருசம்தான் முடிச்சிருப்பியள்," என்றார் மரியமலர். "சிவப்பு டக்கெண்டு போட்டுது. அந்தக் கறுப்புத்தான் லேசிலை போகேல்லை. மூண்டு தரம் புளி மாத்தினனான். விட்டனானே?"

ஸ்ரனிஸ்லாஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரியமலர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாயிருக்கு," என்றார்.

"இனியாவது கொஞ்சம் ஆறியிருங்கோ," என்று சொல்லிவிட்டு மரியமலர் தொட்டியைக் கவிழ்க்கப் போனார்.

அன்றைக்கும் அடுத்த நாளும் ஸ்ரனிஸ்லாசுக்குத் தோள் நோவு தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால் மரியமலர் இனி அந்தப் படியில் கால் வைக்கமாட்டார். அதோடு, தம்பியைக் கொண்டுபோன சாமானைத் தொட்டதற்குக் கிடைத்த கூலி இது என்று மனதுக்குள் வைத்துக் குமைவார். ஒட்வாருக்குச் சொன்னால் முப்பத்தேழு வருசச் சிநேகிதம் போகும். சொல்லாமல் விட ஒரு வழி இருந்தது. இரும்பைக் கறுப்பாக்குகிற மருந்து நிலவறைத் தட்டில் போத்தலில் இருந்தது. பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசினால் கறுக்கும். ஒட்வாருக்குக் கண் பார்வையும் மட்டு. நோரா அந்தத் துவக்கை உற்றுப் பார்த்தவளும் இல்லை. இரண்டு பேருடைய மனமும் நோகாது.

வியாழக்கிழமை காலை மருந்தை எடுத்தார். இடக்கையால் பூசினார். குழலின் வாய்ப்பக்கம் ஒரு சாண் கறுத்தது. கறுப்புத்தான், ஆனால் மினுக்கிய சப்பாத்து மாதிரி ஒரே சீராக இருந்தது. நெருப்பின் கறுப்பு அப்படியில்லை. ஓரிடத்தில் நீலம் ஓடும், ஓரிடத்தில் சாம்பல் படியும், மரம் பொருந்தியிருந்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். இன்னும் மூன்று பூச்சாவது வேண்டும், அதற்குப் பிறகு அங்கங்கே கலைக்கவும் வேண்டும். கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எழும்பப் பஞ்சியாக இருந்தது.

படியில் கால் சத்தம் கேட்டது. மரியமலர் தேத்தண்ணியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒருதரம் இறங்கிப் பழகிவிட்டபடியால் இப்போது தயக்கமில்லை.

"என்ன, திரும்பவும் கறுப்படிக்கிறியள்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டுமே. ஸ்ரனிஸ்லாஸ் இருந்த இருப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நெருப்பு, அடுப்பு, ஒட்வார் இரண்டு தரம் சொன்னது, ஒன்றும் விடவில்லை. மரியமலர் பெயின்ற் வாளியின் மேல் குந்திக்கொண்டார். தேத்தண்ணியை நிலத்தில் வைத்தார்.

"அப்ப செவ்வாய்க்கிழமை ஏன் நல்லாயிருக்கெண்டு சொன்னனீங்கள்?"

"நீர் அதைக் கையாலை தொட்டிருந்தனீர். அதுக்கு மேலை எனக்கு வேறை சொல்ல வரேல்லை."

மரியமலர் கண்ணைத் துடைத்தார். பிறகு கோபம் வந்தது. "எனக்கும் ஒரு பொய், அந்த மனுசனுக்கும் ஒரு பொய். சனிக்கிழமை மாதாவுக்கு முன்னாலை நான் என்ன முகத்தோடை போய் நிக்கிறது? வெளிக்கிடுங்கோ, நாளைக்கே போவம். நானும் வாறன்."

ஸ்ரனிஸ்லாஸ் தலையாட்டினார். பொய்க்கு இன்னும் மூன்று பூச்சு வேலை இருந்தது. உண்மைக்கு ஓப்சால் வரைக்கும் போனால் காணும். எண்ணெய்த் துணியை எடுத்து, ஈரம் காயாமல் இருந்த அந்த ஒரு சாண் கறுப்பை அழித்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மீன்தூண்டில் பையொன்றில் துவக்கைத் துண்டு துண்டாக வைத்து, ரி-பான் நிலக்கீழ் ரயிலில் ஓப்சாலுக்குப் போனார்கள். பையை மரியமலரே தூக்கினார். ஒட்வார் யன்னலடியில் சக்கர நாற்காலியில் இருந்தார். நோரா கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஸ்ரனிஸ்லாஸ் ஒரு முன்னுரையும் சொல்லாமல் குழலை எடுத்துக் கிழவரின் மடியில் வைத்தார்.

ஒட்வார் பெருவிரலால் நுனியில் இருந்து அடிவரைக்கும் தடவிக்கொண்டு போனார். பிறகு யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது யாருடையது?" என்று கேட்டார்.

உன்னுடையதுதான் என்றார் ஸ்ரனிஸ்லாஸ். பிழை தன்னுடையது என்றும் சொன்னார். கிழவர் குழலைக் கீழே இறக்கினார். கறுப்பைத் தொடாதே என்று சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன் என்றார். சத்தம் போடவில்லை. தொழிற்சாலையில் ஒருவன் மீனைப் பழுதாக்கினால் எப்படிச் சொல்வாரோ அதே குரல்தான். ஓம், சொன்னாய் என்று ஸ்ரனிஸ்லாஸ் ஒத்துக்கொண்டார்.

மரியமலர் முன்னுக்கு வந்தார். அவருடைய நோர்வே மொழி மீன் மேசையில் படித்தது. சின்னச் சின்ன வசனம்தான் வரும்.

"நான் கழுவினேன். இவர் நித்திரை. கறுப்பை அழுக்கு என்று நினைத்தேன். இவருக்குக் கை ஏலாது. அதுதான்."

ஒட்வார் குழலை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நீயா? நீ இதைத் தொட்டாயா?"

மரியமலர் பதிலுக்குக் கையை நீட்டினார். விரலில் பூட்டின் விளிம்பு வெட்டின காயம் இன்னும் ஆறவில்லை. கிழவர் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு, எதனால் கழுவினாய் என்று கேட்டார். புளி என்று சொல்ல நோர்வேச் சொல் வராமல், மீன் குழம்புக்குப் போடுவது என்றார் மரியமலர். ஹம்மர்பெஸ்ட்டில் அந்தக் குழம்பை எத்தனையோ தரம் சாப்பிட்டவர் ஒட்வார். குழலை மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்தார். ஒன்றும் மணக்கவில்லை போலும்.

திரும்பக் கறுப்பாக்கலாம், அதற்குக் கடைகள் இருக்கும் என்று நோரா இடையில் சொன்னாள். வேண்டாம் என்று கிழவர் வெட்டிச் சொன்னார். வெள்ளையாக இருக்கிறதென்றால் வெள்ளையாகவே மாட்டு. எண்ணெய் பூசாதே. கறுப்பு வராது, ஆனால் இரும்பு தானாக ஒரு கபில நிறத்துக்கு வரும். அதற்குப் பத்து இருபது வருசம் போகும், எனக்கு அவ்வளவு காலம் இல்லை, நோராவுக்கு இருக்கிறது. பிறகு ஸ்ரனிஸ்லாசைப் பார்த்து, மாதம் ஒருதரம் வந்து பார் என்றார். சிவப்பு வந்தால் துடை, கபிலம் வந்தால் விடு.

ஸ்ரனிஸ்லாஸ் தன் தோளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். மரியமலர் அவருக்கு முன்னமே ஓம் சொல்லிவிட்டார்.

பிறந்தநாள் அன்று துவக்கைச் சுவரில் மாட்டினார்கள். சாப்பாட்டு மேசையில் அதற்கு முதுகு காட்டித்தான் ஒட்வார் இருந்தார் என்று பிறகு நோரா ரெலிபோனில் சொன்னாள். இதை ஸ்ரனிஸ்லாஸ் மனைவிக்கு மறைக்கவில்லை. மறைத்துப் பட்ட பாடு போதும்.

புரட்டாதியில் முதல் தரம் நோரா வீட்டுக்குப் போனார்கள். குழல் வாயில் இலேசாகச் சிவப்பு. ஸ்ரனிஸ்லாஸ் காட்டிக்கொடுக்க, மரியமலர் கதிரையில் ஏறித் துடைத்தார். பூட்டுக்குக் கிட்ட ஒரு மங்கல் நிறம் புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தது. அதை விட்டுவிட்டார்கள். திரும்பும் வழியில் முதியோர் இல்லத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒட்வார் வணக்கம்கூடச் சொல்லாமல், எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்டார். மரியமலர் தன் சின்னவிரல் நகத்தைக் காட்டினார். கிழவர் அந்த நகத்தைப் பார்த்து, அடுத்த மாதம் மழை தொடங்கிவிடும், கிழமைக்கு ஒருதரம் வரவேண்டியிருக்கும் என்றார்.

ரி-பானில் மரியமலர் துடைக்கிற துணி இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் கிழமை நாள் வசதி என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார். செவ்வாய் தோளுக்குப் பயிற்சி, புதன் கோயில், வியாழன் என்றால் பரவாயில்லையோ என்று கேட்டார். மோர்டென்ஸ்ருட் கடைசித் தரிப்பு, தவறவிட வழியில்லை. ஸ்ரனிஸ்லாஸ் ஓப்சாலில் ஏறியதுமே நித்திரையாகிவிட்டார்.